ஓட்டுறவனைக் காணேல்லை

நெஞ்சைப் பிடித்தபடி மொறிஸ் மைனர் காரின் பின்சீற்றில் சரிந்து கிடந்தார் சரீப். ஆஸ்பத்திரி அக்கரையில். வாகனங்களை ஏற்றிப்போகும் பாதைப்படகோ கிண்ணியாக் கரையிலேயே கட்டிக்கிடந்தது. பின்னாலும் லொறிகள் வந்து நெருக்கிவிட்டன.

வழியில் கண்டு இரங்கி ஏற்றிவந்த நிக்கலஸ், விசாரித்துவிட்டுத் திரும்பினான்.

"ஓட்டுறவனைக் காணேல்லையாம், அண்ணை. எங்கயாவது தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு குந்தியிருப்பான். அவனெல்லாம் ஒரு மனுசனோ?"

பக்கத்திலிருந்த மனைவி அசனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சரீப் அவள் கையை அழுத்தினார். ஏச்சில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே அவருக்குப் பட்டது.

"அவனில்லாமல் வேற ஒருத்தராலும் அந்த எஞ்சினைக் கிளப்ப ஏலாதாம்."

வலி இடது தோளுக்கு ஏறியது. இனியும் வெட்கப்பட்டுக் கிடந்தால் உயிரில்லாத மையத்தாகத்தான் கரை சேரவேண்டிவரும்.

"கோவிக்காதீங்க தம்பி, ஓட்டுறவன் நான்தான். என்னைத் தூக்கிக்கொண்டுபோய் எஞ்சினடியில இருத்துங்க."