கிளட்ச் ஆயில் எங்கே போகிறது?

“மகிழினிக்கு மறுபடியும் ஒடம்பு சரியில்ல பாய். கையப் புடிச்சா பொசுக்குனு போவுது,” என்றான் அசோகன். அழுதுவிடுவான் போலிருந்தது.

மெக்கானிக் ஜுபைர் பாய் பதறவில்லை. தண்டையார்பேட்டையிலிருந்து காலடிப்பேட்டைக்கு அவர் இதே வைத்தியத்துக்கு வருவது மூன்றாவது தடவை. டூல்ஸ் பையை வாசலில் வைத்துவிட்டு மகிழினியின் பக்கத்தில் குந்தினார்.

மகிழினி ஒரு பைக். பதினெட்டு வயதான ஜப்பான்காரி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அசோகன், அவளை ஏலத்தில் எடுத்து, பெயின்டரை வைத்து டேங்கின் இரண்டு பக்கமும் அந்தப் பெயரை எழுதியிருந்தான்.

“சுத்தத் தமிழ்ப் பேரு. ஏறினா மகிழ்ச்சி, அதான் மகிழினி,” என்று மனைவி ரமாபாய்க்கு விளக்கவுரையும் கொடுத்திருந்தான். அவனுக்குத் தமிழ்ப்பற்று வந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மற்ற வண்டிகளைப் போல இவளுக்குக் கிளட்ச் கேபிள் கிடையாது, எல்லாம் ஆயில்தான். இடது கைப்பிடியில் கிளட்ச் ஆயிலுக்கு ஒரு டப்பா, வலது கைப்பிடியில் பிரேக் ஆயிலுக்கு ஒரு டப்பா. இதில் இடது டப்பாதான் மூன்று வாரமாக ஊற்ற ஊற்றக் காலியாகிக்கொண்டிருந்தது.

முதல் தடவை வந்தபோது பாய் டப்பாவின் ரப்பர் சீல்களை மாற்றினார். இரண்டாவது தடவை ஆயில் ஓடும் ஓஸ் குழாயை மாற்றினார். இனி மாற்றுவதற்கு வண்டியின் ஓனர் மட்டும்தான் பாக்கி.

“ஞாயித்துக்கெழம புளியந்தோப்புல தோஸ்து கல்யாணம் பாய். நான் வளந்த பழைய தெரு ஜனம் மொத்தமும் வரும். ரமாவ பின்னால ஒக்கார வச்சிகினு இந்த வண்டியிலதான் வருவேன்னு சொல்லிக்கீறேன். பஸ்ல போய் எறங்கினா என் மூஞ்ச எங்க வச்சிக்கறது?”

நாட்டில் எத்தனையோ பேருக்கு வீடு வைக்க இடமில்லை. அசோகனுக்கு மூஞ்சி வைக்க இடமில்லை.

பாய் லீவரடியில் விரலை வைத்துத் தடவினார். காய்ந்திருந்தது. செயின் பக்கத்து மூடியைக் கழற்றி, கிளட்ச் ஆயில் போய்ச் சேரும் கீழ் சிலிண்டரைப் பார்த்தார், அங்கேயும் ஈரமில்லை. உள்ளுக்குள்ளேயே ஒழுகி இன்ஜின் ஆயிலில் கலக்கிறதோ என்று அதையும் பார்த்தார். அளவும் ஏறவில்லை, நிறமும் மாறவில்லை.

வண்டிக்கு அடியில் நேற்றிலிருந்து விரித்திருந்த நியூஸ்பேப்பரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு சொட்டுக் கறை இல்லை.

“இன்னா பாய், எதுனா தெரிஞ்சிதா?”

“லீக்கே இல்ல நைனா. ஆனா ஆயில் இல்ல.”

எதிர்வீட்டு வெள்ளத்துரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. அதனால் எல்லா வண்டியைப் பற்றியும் தயங்காமல் பேசுவார். “எண்ணூர் காத்துல சாம்பல் கீதுபா. அது ஆயில உறிஞ்சிடும்,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அசோகன் அதையும் நம்பி, எண்ணூர் இருக்கும் வடக்கே பார்த்து முறைத்தான்.

“லீக்கு இல்லேன்னா பெயின்ட் எப்டி பாய் போவும்?” என்று டேங்கைக் காட்டினான். “இந்த ஆயிலு பட்டா பெயின்ட் உரிஞ்சிக்கும்னு மொத தபா வந்தப்ப நீதான சொன்ன? பாரு, இந்தாண்ட பேரே பூட்ச்சி. அந்தாண்ட பாதி பூட்ச்சி.”

பொய்யில்லை. இடது பக்கம் பெயர் இருந்த இடத்தில் தகரம் பல்லை இளித்தது. வலது பக்கத்தில் ‘ழினி’ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ரமாவுக்குத்தான் ரொம்பக் கஷ்டம் பாய். தெனம் காலைல துணிய வச்சிகினு தொடைச்சிகினே கீது. எந்தப் பொண்டாட்டி புருசன் வண்டிய இப்டி கவனிப்பா, சொல்லு?”

பெருமையாக மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ரமாபாய் தலை நிமிராமல் பாயிடம் டீ கிளாஸை நீட்டினாள்.

“நீ போயி புது ஆயில் டின்னு ஒண்ணு வாங்கியா நைனா. கடைசியா ஒரு தபா ஊத்திப் பாக்கலாம்,” என்றார் பாய். மருந்துக்கு ஓடுகிற மாதிரி ஓடினான் அசோகன்.

பாய் டீயைக் குடித்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வலது கைப்பிடி டப்பாவைத் திறந்தார். பிரேக் ஆயில் விளிம்பு வரை நின்றது. குனிந்து அந்தப் பக்கத்து டேங்கைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார். இருபது வருஷ அனுபவசாலி, மூளை ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“தங்கச்சி,” என்றார் மெதுவாக. “இந்தாண்ட டப்பால சொட்டு ஆயிலு கொறையல. அப்பறம் இந்தாண்ட எழுத்து எப்டிம்மா அழியும்?”

ரமாபாய் தெருமுனை வரை எட்டிப் பார்த்தாள். புருஷன் தலை தெரியவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்த கோபத்தில் அவள் முகம் சிவந்திருந்தது.

“அந்தப் புளியந்தோப்பு மகிழினியும் கல்யாணத்துக்கு வர்றாளாம் பாய், இன்னும் ரெண்டு எழுத்துதான் பாக்கி.”