கத்தாதீங்கய்யா

நல்லையா கங்காணியின் குரலுக்குப் பயந்து, ஓடப் பழக வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் ஏற்கெனவே ஓடிவிட்டார்கள், மைதானத்தை விட்டே.

"கழுதைங்களா! காலா அது, வெறகுக் கட்டையா?"

பலாங்கொடைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொரை நடத்தும் ஓட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு அவருக்கு. காலையில் வரிசையாக நிறுத்தி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லி அதட்டுகிற வாயை அப்படியே மைதானத்துக்கும் கொண்டு வந்துவிட்டார். பெரட்டில் அவர் பேர் சொன்னால், சொன்ன ஆள் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். புல்லுப் பிடுங்கப் போகும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம்தான்.

 தோட்டத்தில் வேலை செய்யும் அழகம்மாவின் மகள் வெள்ளையம்மாவை லயத்து வரிசை வீடுகளில் ஒரு பையனாலும் ஓடிப் பிடிக்க முடியாது. ஆனால் கொஞ்ச நாளாகப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் திடுக்கிட்டு எழுகிறாள். ஜெயித்தால் தொரை புதுக் கம்பளி தருவார், வாஸ்தவம்தான். பிள்ளை பயந்து பயந்தே படுத்துவிட்டால் கம்பளி எதற்கு?

போட்டிக்கு முதல் நாள், துணிந்து கங்காணி முன்னால் போய் நின்றாள்.

"தப்பா நெனக்காதீங்கய்யா. நீங்க கத்துனா பிள்ளைக்குக் கை காலெல்லாம் ஒதறுது. பெரட்டுன்னு நெனச்சிக்கிட்டு பாதி வழியில நின்னுடப் போறா. நாளைக்கு ஒரு நாள் மட்டும் கத்தாதீங்கய்யா."

கங்காணி முறைத்தார்.  நாளையிலிருந்து வேலை இல்லை என்று விரட்டிவிடுவாரோ?

"ஹரி, சரி," என்றார் கடைசியில். "வாயத் தொறக்கல, போ."

சொன்ன சொல் தவறவில்லை மனுஷன். மறுநாள் துண்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

ஓட்டம் தொடங்கியது. வெள்ளையம்மாதான் முன்னால். எல்லைக் கயிறு கிட்டே வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி பின்னால் நெருங்கினாள். அழகம்மா தன்னை மறந்து கத்தினாள்.

"அடியே வெள்ளையம்மா! ஓடித் தொலைடி, சனியனே! தோத்துட்டு வந்தே, தோல உரிச்சிருவேன்!"

வெள்ளையம்மா சட்டென்று நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளைத் தாண்டிப் போய்க் கயிற்றைத் தொட்டார்கள்.

அழகம்மா கங்காணியிடம் பாய்ந்தாள். பயமெல்லாம் எங்கே போயிற்றோ!

"பாத்தீங்களாய்யா? நீங்க வாயத் தொறக்காமலே நின்னுட்டா! எம் பிள்ளைய இப்புடிப் பழக்கி வச்சிருக்கீங்களே!"

 கங்காணியின் முகம் செத்துப் போயிற்று. வெள்ளையம்மாவிடம் போய்க் குந்தினார்.

"ஏன் தாயி நின்னுட்டே? எம்மேல அம்புட்டுப் பயமா?"

வெள்ளையம்மா இல்லையென்று தலையாட்டினாள். பின்னாலேயே ஓடி வந்த அம்மாவைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"நீ திட்டுறப்போ ஓடுனா, இன்னும் ரெண்டு அடி கூட விழுமேம்மா."