யாருடைய ரத்தம்?

"கம்பெனிக்காரன்கிட்ட கை நீட்டிட்டா. இல்லேன்னா இப்படிப் பேசுவாளா?"

தெருவே கொதித்தது.

அரசாங்கம் நாற்பது பேர் ரத்தத்தைப் பரிசோதித்து, அத்தனை பேர் உடம்பிலும் ஈயம் இருக்கிறது என்று சொல்லியிருந்தது. பெயின்ட் ஃபேக்டரிக் கழிவுதான் தண்ணீரைக் கெடுத்தது என்று எழுதித் தரச் சொன்னால், ஆய்வு செய்த பெண் அதிகாரி கையை விரித்துவிட்டார்.

"ஃபேக்டரி வர்றதுக்கு முன்னாடியே இவங்க உடம்புல இருந்திச்சும்பான் கம்பெனிக்காரன். இல்லேன்னு காட்ட உங்ககிட்ட என்ன இருக்கு? கேஸ் நிக்காதும்மா."

இனிப் பரிசோதனையும் வைத்தியமும் அவரவர் செலவாம். அந்தத் தெருத் தையல்காரி அதிகாரியைத் திட்டித் தீர்த்தாள். அவள் மகள் நாலு மாசம் முழுகாமல் இருந்தாள்.

மறு வாரமே அந்த அதிகாரி, மாடி அறை வாடகைக்குக் கிடைக்குமா என்று தையல்காரியிடமே வந்து நின்றார். மகளின் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தாள்.

"வேவு பாக்க வந்தவளுக்கு வீடா?" என்று தெருவே அவளை ஏசியது. அதிகாரி அடிபம்பில் குடத்தோடு வரிசையில் நின்றாலும், நோட்டம் பார்க்கத்தான் என்றார்கள். எட்டு மாதம் தையல்காரி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேரன் பிறந்தபோது மாடிக்கு மட்டும் இனிப்பு போகவில்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தது. அதிகாரி இரண்டு ரிப்போர்ட்டை நீட்டினார். இரண்டும் ஒரே பெண்ணின் ரத்தம். தெருவுக்குக் குடிவந்த அன்று ஈயம் துளிகூட இல்லை. எட்டு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகு, மற்றவர்களுக்கு இருந்த அளவு.

தெரு முழுவதற்கும் பரிசோதனை, வைத்தியம், நல்ல தண்ணீர், எல்லாச் செலவும் கம்பெனியுடையது என்று தீர்ப்பாயிற்று.

கோர்ட்டில் உட்கார்ந்திருந்த தையல்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். நம் தெருவுக்கு வாழ வந்த எந்த மகராசி இவள்? கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. கோர்ட் குமாஸ்தாவிடம் போய்க் கெஞ்சினாள்.

"பேரை மறைச்சிருக்காங்கம்மா. விலாசம் மட்டும்தான் இருக்கு. பாத்துக்குங்க" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

அவள் வீட்டுக் கதவு எண். பக்கத்தில், 'மாடி' என்று எழுதியிருந்தது.