பசியை நம்பினவள்

"இன்னிக்கு ஒரு நாளாவது அந்தத் தராசை உள்ளே வையேன் கோர்தானா!" என்றான் மிலுதின்.

மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் குலப் புனிதரின் திருநாள். அழைப்பு என்று ஒன்று கிடையாது. சொந்தபந்தம் தானாக வந்து நிறைந்திருந்தது. புனிதருக்கு வேகவைத்துப் படைத்த கோதுமையில் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டுதான் யாரும் உட்காரவேண்டும். அந்த ஒரு கரண்டிக்கும் கோர்தானா போனில் கலோரிக் கணக்கு பதிந்தாள். இப்போது சுட்ட பன்றிக்கறியைத் துண்டு துண்டாகத் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பன்னி உசிரோட இருந்தப்பகூட இத்தனை தடவை எடை பார்த்திருக்க மாட்டாங்க," என்றாள் பெல்கிரேடிலிருந்து வந்த ராடா அத்தை. "ரொட்டி தொடறதில்ல, உருளைக்கிழங்கு தொடறதில்ல. இதுக்கு மேல எதுக்குடி கணக்கு?"

"கணக்கு பார்க்காம எப்படி அத்தை இளைக்கிறது?"

"ஏன், உன் ஓரகத்தி இளைக்கலையா?"

சொல்லி வாய் மூடவில்லை, கீழ்வீட்டு யாஸ்னா தட்டை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தாள். மிலுதினின் தம்பி ஸோரனின் மனைவி. கல்யாணமான புதிதில் போட்ட நீல கவுன், இன்று மறுபடியும் கச்சிதமாக இருந்தது.

கோர்தானாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஈஸ்டருக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் மாவையும் சர்க்கரையையும் நிறுத்தினார்கள். இவள் இம்மி இம்மியாக எண்ணிச் சாப்பிட்டும் இடுப்பு அசைந்து கொடுக்கவில்லை. அவள் மட்டும் மெழுகாக உருகிவிட்டாள்!

"என்னம்மா ரகசியம்?" அத்தை விடவில்லை.

"ஒரு ரகசியமும் இல்லை அத்தை," யாஸ்னா சிரித்தாள். "பசிச்சா சாப்பிடுவேன், பசிக்கலேன்னா எழுந்துடுவேன். கணக்கெல்லாம் எனக்கு எங்கே வரும்?"

"கேட்டியா? உடம்புக்குத் தெரியும்டி!" என்றான் மிலுதின்.

அவ்வளவுதான். கோர்தானா விருட்டென்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போனாள்.

மிலுதினோ கிட்னி இரண்டும் பழுதாகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்கிற மனுஷன். மாற்றுக் கிட்னிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, போன் அடித்தாலே பதறிப்போய் எடுக்கிறார்கள். கூப்பிட்டபாடில்லை. கூடவே அலைந்து அலைந்து ஓய்ந்துபோனவள் இவள். சபையில் பாராட்டு அந்த மினுக்கிக்கா? வீட்டில் ஒரு உயிர் ஊசலாடும்போது, கவுன் போட்டு அழகு பார்க்க எப்படித்தான் மனசு வருகிறதோ!

அப்போதுதான் பார்த்தாள். யாஸ்னா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சாமான் அறைக்குள் நுழைந்தாள். கேக்கும் ரொட்டியும் அடுக்கியிருக்கிற அறை.

மாட்டினாளா! பசிச்சாத்தான் சாப்பிடுவாளாம்! கோர்தானா பூனைபோல் போய்க் கதவைத் தள்ளினாள்.

யாஸ்னா ரொட்டித் துண்டை முகத்தருகே பிடித்துக் கண்ணை மூடி முகர்ந்துகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம். கதவுச் சத்தம் கேட்டதும் ரொட்டியைப் பதறி வைத்தாள்.

"ஏன் வெச்சிட்டே, தின்னேன்! பசியை நம்புறவளாச்சே. பசி இப்ப என்ன சொல்லுதாம்?"

"தின்னு தின்னுன்னு கத்துதுக்கா. ஈஸ்டர்லேர்ந்து கத்துது."

"அப்போ அங்கே சொன்னதெல்லாம் பொய்!"

"ஆமா."

"நீயும் கணக்குப் பார்க்கறே!"

"உங்களைவிடக் கஞ்சமா பார்க்கறேன்க்கா. ராத்திரி பசியில தூக்கம் வராம எழுந்து தண்ணி குடிச்சிட்டுப் படுக்கறேன்."

"அத்தனை பேர் முன்னாடி என்னை ஏண்டி முட்டாளாக்கினே?"

"பட்டினி கிடக்கேன்னு சொன்னா, எதுக்குன்னு கேட்பீங்களே."

"எதுக்கு? இந்த நீல கவுனை மாட்டிக்கிட்டு ஊரையே மயக்கவா?"

யாஸ்னாவின் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று கதவுவரை போனாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரர் கிட்னி அண்ணனுக்கு ஒத்துவராதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் எப்படி இருந்தார்னு ஞாபகம் இருக்காக்கா?"

கோர்தானாவால் அதை எப்படி மறக்க முடியும்? சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். வெகுநாள் யாரிடமும் பேசவே இல்லை.

"இன்னொரு தடவை ஆசை காட்டி ஏமாத்தினா அவர் தாங்கமாட்டார். அதான், நிச்சயம் ஆகிறவரை யார்கிட்டயும் மூச்சு விடலை. உங்ககிட்டகூட."

"என்னடி உளர்றே? எது நிச்சயம் ஆகிறவரை?"

யாஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ரெண்டே கிலோதான்க்கா. அதுவும் குறைஞ்சிட்டா, என் கிட்னியை எடுத்து அவருக்கு வெச்சிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார்."