ஊருக்குள் புகுந்த கும்பல்

'விழுப்புரம் அருகே பயங்கரம்! ஆடு மேய்க்கும் கும்பல் வெறியாட்டம்! விவசாயி மண்டை உடைப்பு!'

கிருஷ்ணவேணி பேப்பரை இரண்டாம் முறையும் படித்தாள். உடைந்தது அவள் புருஷன் கண்ணையனின் மண்டை. போட்டோவில் கட்டோடு நின்றான். பக்கத்தில் அவன் தம்பி திருமுருகன், அண்ணனைப் பாசமாகத் தாங்கிப் பிடித்தபடி.

பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நேராக ஏரிக்கரைக்குப் போனாள்.

கும்பல் அங்கேதான் இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து ஆடு ஓட்டிவந்த ஒரு கிழவர், அவர் மனைவி செண்பகம், இரண்டு நாய்கள். பேப்பர் சொன்ன பயங்கர ஆயுதம், தழை ஒடிக்கும் தொரட்டி, கருவேல மரத்தில் சாய்ந்திருந்தது.

"ஏம்மா, ஆடு மேய்க்க வந்தீங்களா, ஆள் அடிக்க வந்தீங்களா? மத்தியானத்துக்குள்ள காலி பண்ணுன்னு போலீசு சொல்லியும் இன்னும் குந்திக்கினு இருக்கீங்க?"

"கெளம்பிடுறோம் தாயி. நேத்துதான் நாலு ஆடு குட்டி போட்டுருக்கு. குட்டிக நடக்காது. பேப்பரைப் பாத்துட்டு அடுத்த ஊர்லயும் வராதேன்னுட்டாக."

"பின்ன, ஆரத்தி எடுப்பாங்களா?"

கிழவர் ஒரு குட்டியை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் வலது கை, துண்டில் கட்டிக் கழுத்திலிருந்து தொங்கியது.

"அந்த ஆளு கைக்கு இன்னா?"

"கட்டை பட்டுருச்சு. குறுக்க போனாரு."

"யாருக்குக் குறுக்க?"

செண்பகம் கிழவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் கேட்கவில்லை.

"ஒங்க வீட்டுக்காரருக்கும் கொழுந்தனாருக்கும் நடுவுல. யாரு கொல்லையில மொதல்ல கிடை போடுறதுன்னு சண்டை. ஆடு ராத்திரி படுத்த நெலத்துக்கு வேற எரு வேண்டாமுல்ல? கொழுந்தனாரு கட்டையத் தூக்கிட்டாரு."

"அப்ப பேப்பர்ல?"

"ரெண்டு பேரும் சேந்துதான் நிருபருகிட்ட எங்களக் கைகாட்டுனாக. இவருதான் மறுக்காதேன்னாரு. நாம இன்னிக்கு இருந்து நாளைக்குப் போறவுக, அவுக ஒரே கெணத்துத் தண்ணி பாய்ச்சுற அண்ணன் தம்பி, கேசு கோர்ட்டுன்னு பிரிஞ்சிரக் கூடாதுன்னாரு."

கிருஷ்ணவேணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. பேப்பரைக் கிழித்து எறிந்தாள். ஒரு வெள்ளாடு வந்து 'வெறியாட்டம்' வரைக்கும் மென்று தீர்த்தது.

"நீங்க எங்கயும் போவ வேணாம். போலீசுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். குட்டிங்க நல்லா நடக்கிற வரைக்கும் எங்க கொல்லையிலயே கிடை போட்டுக்கினு இருங்க."

செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கொஞ்ச தூரம் போன கிருஷ்ணவேணி திரும்பி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆனா ஒண்ணு. என் கொழுந்தன் கொல்லையில ஒரு புழுக்கை விழக் கூடாது. சொல்லிட்டேன்!"