மூன்றாவது மணி

"தீயில செத்தவங்கள வெச்சு வீடியோ கேமா? உனக்கு எல்லாமே விளையாட்டாப் போச்சு," என்று பொரிந்து தள்ளினாள் அம்மா.

"ஒரு தடவை ஆடிப் பாத்துட்டுத் திட்டும்மா," என்றான் மகன்.

அப்படி என்னதான் செய்திருக்கிறான் என்று கணினி முன் உட்கார்ந்தாள். திரையில் ஒரு தையல் ஆலை. தைத்துக்கொண்டிருக்கும்போதே அபாய மணி அடித்தது. விசையைத் தட்டி வாசலுக்கு ஓடினாள். தீயும் இல்லை, ஒன்றும் இல்லை. சூப்பர்வைசரின் வசவுதான் மிச்சம். மறுபடியும் மணி, மறுபடியும் வசவு. மூன்றாவது மணிக்கு அவள் அசையவே இல்லை. திரை முழுக்கப் புகை சூழ்ந்தது.

"மணி அடிச்சும் ஏம்மா எழுந்திருக்கல?"

"சும்மாதான் அடிக்குதுன்னு..."

பாதியில் நிறுத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த கணவரின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமாக அந்தப் படத்தோடு சண்டை போட்டு அவள் கேட்டு வந்ததும் இதே கேள்வியைத்தான்.