விட்ட அடி

அந்த ஆள் மறுபடியும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவள் பார்க்காதது போலப் பார்த்தாள்.

போன வருஷமும் இதே நாற்காலி. இதே தொப்பி. யாரோடும் ஒரு பேச்சு இல்லை. டீயைக் குடித்துவிட்டு, பன்னைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போனார்.

ரெக்கார்டுக்கு வந்தவர்தான். வேறு எதற்கு வருவார்?

முன்பு பெங்களூரிலிருந்து ஒருத்தர் இப்படித்தான் வந்தார். பழைய பாட்டென்றால் உயிர் என்றார். கண்கூடக் கலங்கினார். கடைசியில் விலை பேசினார்.

லாம்ப் பாய்ஸ் இசைக்குழு போட்டது ஒரே ஒரு ரெக்கார்டு. சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள், கிதாரும் டிரம்ஸுமாகத் தங்கவயலையே ஆட்டிவைத்த காலம் அது. உடையாமல் மிஞ்சிய ரெக்கார்டு இவளிடம்தான் இருக்கிறது. தலையணை உறைக்குள், துணிகளுக்கு நடுவில், பூட்டிய பெட்டியில்.

வருஷத்தில் ஒரு நாள்தான் வெளியே வரும்.

ராயப்பன் செத்த நாள்.

மேசைமேல் அவன் படம். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிக்கிறான். நெற்றியை மூடிய முடி. படத்துக்கு மாலை.

படத்துக்கு முன்னால் அவன் ஷூ. கறுப்பு, கூர்மூக்கு. அன்றைக்கு அதுதான் ஸ்டைல்.

வேலை நின்றுபோன சுரங்கக் குழியின் விளிம்பில் சட்டையும் இந்த ஷூவும்தான் கிடந்தன. அந்த ஆழத்தில் இறங்கித் தேட வழியில்லை. உடம்பு கிடைக்கவில்லை.

மாதா கோயிலில் அவனுக்கும் இவளுக்கும் கல்யாண ஓலை, மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டியதில், இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது.

மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை.

இருட்டில் கால் தவறிவிட்டான் என்றாள் அவள். ஊர் அப்படிச் சொல்லவில்லை. இவளைக் கட்டுறதுக்குக் குழியே மேல்னு போயிட்டான் என்று தண்ணீர்க் குழாயடியில் சிரித்தார்கள்.

அவள் வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டாள். இன்றைக்கும் வெள்ளைதான்.

"யக்கா, ஆரம்பிக்கலாமா?" என்றார் சகாயநாதன். ரசிகர் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். "சுகர்காரங்க எல்லாம் பன்னையே பாத்துக்கிட்டிருக்காங்க."

ஊசியை வைத்தாள்.

கரகரவென்று கொஞ்ச நேரம். பிறகு கிதார். நரைத்த தலைகள் ஆடின. எல்லோரும் தாளம் தட்டத் தொடங்கினார்கள்.

பாட்டு முடியப் போகிற கட்டத்தில் டிரம்மில் இரண்டு அடி விழ வேண்டும். ரெக்கார்டில் ஒன்றுதான் விழும். பதிவின்போது ராயப்பனின் கையிலிருந்து குச்சி நழுவிவிட்டது. மறுபடி எடுக்க ஸ்டூடியோக்காரர்கள் நேரம் தரவில்லை.

ரசிகர்களுக்கு அந்த விட்ட அடிதான் உயிர். அந்த இடம் வந்தால் அத்தனை கையும் தட்டாமல் அந்தரத்தில் நிற்கும். ரெக்கார்டோடு வளர்ந்தவர்களுக்குப் பிசகாது. வேஷக்காரன் அங்கே மாட்டிக்கொள்வான்.

மாட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

இடம் வந்தது.

கைகள் நின்றன.

டக்.

கடைசி நாற்காலி. மரக் கைப்பிடியின் மேல் இரண்டு விரல்.

சகாயநாதன் திரும்பினார். "பெரியவரே, அந்த எடத்துல தட்டக் கூடாது. அது எங்க ராய் விட்ட அடி."

"பன்னுக்கு வந்தவருக்குப் பாட்டா தெரியும்?" என்றது ஒரு குரல். சிரித்தார்கள்.

"மன்னிச்சுக்கங்க," என்றார் அவர். "கை தன்னால போயிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை.

பாட்டுத் தெரியாதவர் தட்டினால் முன்னே பின்னே விழும். இது விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மயிரிழை பிசகவில்லை.

ரெக்கார்டு கைக்கு வந்த நாளிலிருந்து ராயப்பனுக்கு அந்த ஒரு அடி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் தட்டுவான். அவள் வீட்டு மேசையில். கோயில் பெஞ்சில். ஒருமுறை அவள் தோளில்.

இரண்டு விரலால்.

இப்ப சரியா இருக்கா, இப்ப, என்று கேட்பான்.

கேட்டது அவளிடம் மட்டும்தான்.

அவள் எழுந்தாள். ஊசியைத் தூக்கி மறுபடியும் முதலில் வைத்தாள்.

"என்னக்கா, ரெண்டாந்தரமா? ரெக்கார்டு தேயும்னு நீங்கதானே திட்டுவீங்க?"

தேயட்டும்.

இந்தத் தடவை கூட்டத்தைப் பார்த்து நின்றாள். கிதார் வந்தது. கைகள் தட்டின. அவள் தட்டவில்லை.

இடம் வந்தது.

கைகள் நின்றன.

சத்தமே இல்லை.

அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அழுத்தி, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். தொப்பி தரையைப் பார்த்திருந்தது.

குழாயடியில் சிரித்தவர்கள்கூட இவ்வளவு நினைக்கவில்லை. அவன் குழிக்குள் போனான் என்றுதான் சிரித்தார்கள்.

பாட்டு முடிந்தது. தட்டில் ரெக்கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அவள் எடுத்து உறையில் போடவில்லை.

டீ வந்தது. பன் வந்தது. எல்லோரும் ராயப்பனைப் பற்றிப் பேசினார்கள். எப்படிச் சிரிப்பான், எப்படிக் குச்சியைச் சுழற்றுவான், இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பான்.

அவர் எதையும் வாங்காமல் எழுந்து வாசல் பக்கம் நடந்தார்.

"ஏங்க," என்றாள் அவள்.

நின்றார்.

"போறப்ப உங்க பொருளை விட்டுட்டுப் போயிடாதீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

எல்லோரும் அந்தக் கடைசி நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். குடை இல்லை. பை இல்லை. மனுஷர் வெறுங்கையோடுதான் வந்திருந்தார்.

அவர் மட்டும் மேசைமேல் இருந்த ஷூவைப் பார்த்தார்.